மேனேஜர் தேடிய டாட்டன்ஹாம்: 72 நாள் தவிப்பு... அதுவும் இரண்டு முறை!

வீட்டில் வரன் பார்க்கும் காலத்தில் ஒரு தவிப்பு இருக்குமே... "அந்த இடம் அமைஞ்சிடும் போலிருக்கு", "ஜாதகம் ஒத்து வரலையாம்", "அவங்க வேற இடத்துல பேசி முடிச்சுட்டாங்களாம்" என்று தினம் ஒரு தகவல் வரும். ஐரோப்பியக் கால்பந்து ரசிகர்களுக்கு இந்தத் தவிப்பு கோடைதோறும் வரும். அவர்கள் தேடுவது மாப்பிள்ளையை அல்ல, தங்கள் கிளப்புக்கு ஒரு மேனேஜரை!

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கலாம். நம்மூரில் கோச் யார் என்று தெரியாமலேயே ஒரு சீசன் முழுக்க மேட்ச் பார்த்துவிடலாம். கால்பந்தில் அது நடக்காது. யார் ஆடுவார், எந்த இடத்தில் ஆடுவார், யாரை விலைக்கு வாங்கலாம், யாரை விற்கலாம் என எல்லாவற்றிலும் மேனேஜரின் வார்த்தைக்கு எடை அதிகம். ஆள் மாறினால் அணியின் முகமே மாறிவிடும். அதனால்தான் அந்த நாற்காலி காலியாக இருக்கும் நாள்களில் ரசிகர்களுக்குத் தூக்கம் வருவதில்லை.

இதில் அதிகம் நொந்தவர்கள் யார் என்று கேட்டால், என் ஓட்டு வடக்கு லண்டனின் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் ரசிகர்களுக்குத்தான்.

2021 ஏப்ரல் 19. பொறுப்பில் இருந்த ஜோசே மொரினியோவை கிளப் நீக்கியது. அடுத்த ஆறாவது நாள் வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதிப் போட்டி! கடைசியாக 2008-ல் இதே கோப்பையை வென்ற பிறகு அவர்கள் எதையுமே தொட்டதில்லை. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது சமையல்காரரை அனுப்பிவிட்ட மாதிரி ஆனது நிலைமை. போதாக்குறைக்கு, முந்தைய நாள்தான் 'சூப்பர் லீக்' என்ற தனிப் போட்டியில் சேரப்போவதாக அறிவித்து, ரசிகர்களின் கோபத்தை கிளப் வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தது. இரண்டே நாளில் அந்தத் திட்டத்திலிருந்து பின்வாங்கியது தனிக்கதை.

தற்காலிகப் பொறுப்பு ரையன் மேசனிடம் போனது. வயது 29. மண்டையோட்டில் ஏற்பட்ட முறிவால் இளம் வயதிலேயே ஆட்டத்தை விட்டவர், அதே கிளப்பில் வளர்ந்த பிள்ளை. இறுதிப் போட்டியில் மான்செஸ்டர் சிட்டியிடம் 1-0 என்று தோற்றார்கள். அவரைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அதன் பிறகுதான் அசல் படலம் ஆரம்பம். முதலில் அடிபட்ட பெயர் யூலியன் நாகல்ஸ்மன். அவர் பயர்ன் மியூனிக்குக்குப் போய்விட்டார். அயாக்ஸின் எரிக் டென் ஹாக்? அங்கேயே ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். லெஸ்டர் சிட்டியின் பிரெண்டன் ராட்ஜர்ஸும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மே மாதத்தில் கிளப் தலைவர் டேனியல் லெவி, 'வேகமாக, தாக்கி ஆடுவதுதான் நம் மரபு. அதற்கேற்றவரைக் கொண்டுவருவோம்' என்ற பொருளில் எழுதியது ரசிகர்களுக்குக் கொஞ்சம் தெம்பு தந்தது. அதே மாதக் கடைசியில், 2019-ல் அணியைச் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிவரை கூட்டிப்போன மொரிசியோ பொச்செட்டினோ திரும்பி வரலாம் என்று பேச்சு எழுந்தது. பழைய காதல் திரும்புகிறதா என்று ரசிகர்கள் உருகிய வேளையில், அதுவும் கைகூடவில்லை. அடுத்து, இன்டர் மிலானுக்கு லீக் பட்டம் வாங்கிக்கொடுத்துவிட்டு வெளியே வந்திருந்த அன்டோனியோ கான்டே. பேச்சு தொடங்கிய வேகத்தில் ஜூன் முதல் வாரமே முறிந்தது.

இதற்கிடையில் அணியின் உயிர்நாடியான ஹாரி கேன் வேறு கிளப்புக்குப் போக விரும்புகிறார் என்ற செய்தி வேறு. யாரை நம்பி இருக்கச் சொல்வது அவரை? மேனேஜரே இல்லையே!

ஜூன் மத்தியில் பாவ்லோ ஃபொன்சேகாவின் பெயர் ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்றார்கள். ஜூன் 17 அன்று திடீர்த் திருப்பம். ஃபியோரென்டினாவில் அறிவிக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆகாத, வேலையையே இன்னும் தொடங்காத ஜென்னாரோ கட்டூசோ அங்கிருந்து விலகினார். உடனே டாட்டன்ஹாம் ஃபொன்சேகாவை விட்டுவிட்டு அவர் பக்கம் சாய்ந்தது.

ரசிகர்கள் பொங்கிவிட்டார்கள். 'கட்டூசோ வேண்டாம்' என்ற ஹேஷ்டேக் சில மணி நேரத்தில் டிரெண்ட் ஆனது. 2011-ல் ஏ.சி. மிலானுக்கு ஆடியபோது இதே டாட்டன்ஹாமின் பயிற்சிக்குழுவில் இருந்த ஜோ ஜோர்டானைத் தலையால் முட்டியவர் அவர். அதைக்கூட மறந்திருப்பார்கள். பெண்கள் கால்பந்து நிர்வாகத்துக்கு வருவது பற்றியும், ஒருபாலினத் திருமணம் பற்றியும் அவர் முன்பு சொன்ன கருத்துகள்தான் ரசிகர்களைக் கொதிக்கவைத்தன. 'எங்கள் கேலரியில் எல்லாரும் இருக்கிறோம், எல்லாருக்கும் பொதுவானவர் வேண்டும்' என்பது அவர்களின் வாதம். கிளப் பின்வாங்கியது. மேனேஜர் தேர்வில் ரசிகர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் வீட்டோ இருக்கிறது என்று அன்று தெரிந்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமும் இதுதான். காத்திருந்து களைத்துப்போனவர்கள், 'யாராவது வந்தால் போதும்' என்று இறங்கிப்போகவில்லை.

ஒருவழியாக ஜூன் 30 அன்று அறிவிப்பு வந்தது. பெயர், நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ. உல்வ்ஸ் கிளப்பிலிருந்து வெளியேறி வீட்டில் இருந்தவர். மொரினியோ போய் 72 நாள் ஆகியிருந்தது. பந்தி முழுக்கத் தேடிவிட்டு கடைசியில் இவரை உட்காரவைத்திருக்கிறார்கள் என்பது நூனோவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், முதல் மூன்று லீக் ஆட்டங்களையும் அவர் 1-0 என்று வென்றார். முதல் ஆட்டத்திலேயே சாம்பியன் மான்செஸ்டர் சிட்டியை சன் ஹியுங்-மின்னின் கோல் சாய்த்தது. ஆகஸ்ட் மாதத்தின் சிறந்த மேனேஜர் விருதும் நூனோவுக்கே. செப்டம்பரில் மூன்று லீக் ஆட்டங்களிலும் தோல்வி. அக்டோபர் 30 அன்று சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 3-0 என்று விழுந்தபோது, அவர் செய்த ஒரு மாற்றத்தைப் பார்த்து ரசிகர்களே எதிர்ப்புக் கோஷம் போட்டார்கள். நவம்பர் 1-ல் நீக்கம். மறுநாள் வந்தவர் யார்? ஜூனில் பேச்சு முறிந்த அதே கான்டே!

நூனோவுக்கு நடந்தது நியாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மனசே இல்லாமல் வரவேற்கப்பட்டவருக்கு நான்கு மாதம் எந்த மூலைக்கு?

கான்டே அணியை நான்காவது இடத்துக்கு உயர்த்தினார். பிறகு வீரர்களையே பத்திரிகையாளர் சந்திப்பில் வறுத்தெடுத்துவிட்டு, 2023 மார்ச் 26-ல் விலகினார். மறுபடியும் தேடல். தற்காலிகப் பொறுப்பேற்ற கிறிஸ்டியன் ஸ்டெல்லினி, நியூகாசிலில் 6-1 என்று தோற்றதும் அனுப்பப்பட்டார். அந்த ஆட்டத்தில் 21 நிமிடத்துக்குள் ஐந்து கோல் வாங்கியிருந்தார்கள். மறுபடியும் ரையன் மேசன். மறுபடியும் நாகல்ஸ்மன் பெயர் வந்து போனது. ஃபெயனூர்டின் ஆர்னே ஸ்லாட் பெயரும் பலமாக அடிபட்டது. அவர் 'இங்கேயே இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டார். செல்டிக் கிளப்பிலிருந்து ஏஞ்ச் போஸ்டகாக்லு வருவதாக ஜூன் 6-ல் அறிவிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்... மறுபடியும் சரியாக 72 நாள்!

2024-25 சீசன்தான் உச்சம். வேண்டாம் என்ற ஸ்லாட், லிவர்பூலுக்குப் போன முதல் வருடமே பிரீமியர் லீக் பட்டம் வென்றார். துரத்தப்பட்ட நூனோ, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டை ஏழாவது இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். டாட்டன்ஹாம் முடித்த இடம் 17. ஆனால் அந்த மே 21 அன்று, பில்பாவோ நகரில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியதும் அதே டாட்டன்ஹாம்தான். 17 வருடத்துக்குப் பிறகு ஒரு கோப்பை! லண்டனில் பேருந்து ஊர்வலம், கண்ணீர், கொண்டாட்டம்.

பதினாறாவது நாள் போஸ்டகாக்லு நீக்கப்பட்டார். ரசிகர்கள் மறுபடியும் கைபேசியை எடுத்து ரெஃப்ரெஷ் செய்ய ஆரம்பித்தார்கள். இந்த முறை பிரென்ட்ஃபோர்டின் தாமஸ் ஃபிராங்க் ஆறே நாளில் வந்து சேர்ந்தார்.