வெசேர் நதிக்கரையில் ஒரு கிராமம்

கூரையில் ஒரு பாதியை மனிதனும் மறுபாதியை மலையும் அமைத்த வீடுகளை நேயர்கள் கண்டதுண்டா? பிரான்சு தேசத்தின் தென்மேற்கே, தோர்தோன் மாவட்டத்தில், வெசேர் என்னும் நதியின் கரையிலே லே ஸெஸி என்றொரு கிராமம் உண்டு. அங்கே சுண்ணாம்புக் கற்பாறைகள் செங்குத்தாக எழுந்து, உச்சியில் முன்னோக்கி வளைந்து, படமெடுத்த நாகம்போல் நிற்கின்றன. அவற்றின் நிழலிலே வீடுகள் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. சில வீடுகளுக்குப் பின்சுவரே கிடையாது, பாறைதான் சுவர்.

ஓகஸ்ட் விடுமுறையில் பாரிஸ் நகரில் வசிக்கும் எமது தம்பியாரிடம் சென்றிருந்தபோது இக்கிராமத்தைக் காணும் பேறு வாய்த்தது. தம்பியாரும் அவருடைய பன்னிரண்டு வயது மகளும் துணைவந்தனர். எமக்குப் பிரெஞ்சு மொழியில் வணக்கமும் நன்றியும் மாத்திரமே தெரியுமாதலால், வழிநெடுக எமக்கு மொழிபெயர்ப்பாளர் அப்பெறாமகளே. பெரிகே நகரில் வண்டி மாறி, மலைகளுக்கும் அக்ரூட் தோப்புகளுக்கும் இடையே வளைந்து செல்லும் சிறு புகையிரதத்தில் வந்திறங்கினோம்.

அந்தப் புகையிரதப் பாதைக்கே ஒரு சரித்திரம் உண்டு. 1868ஆம் ஆண்டில் அப்பாதை வேலைகளை ஒட்டி மண் அகழ்ந்த தொழிலாளர், ஒரு பாறையின் அடியில் மனித எலும்புகளைக் கண்டனர். அந்த இடத்தின் பெயர் குரோ மாக்னன். சரித்திர பாடத்தில் மாணவர்கள் மனனஞ்செய்யும் அந்தப் பெயர், உண்மையில் ஒரு பாறைப் பொந்தின் பெயரேயாகும். 'குரோ' என்றால் அப்பகுதி வழக்கில் பள்ளம். மாக்னன் என்பது நிலச் சொந்தக்காரரின் பெயர் என்பர். ஏறத்தாழ 28,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்மனிதர், எலும்பமைப்பில் நம்மைப் போன்றவரே.

ஊரைச் சுற்றிக் காணவேண்டியவை பல. லா றோக் சென் கிறிஸ்தோப் என்னும் பாறையை மட்டும் குறிப்பிடுவோம். ஒரு கிலோமீற்றர் நீளமும் 80 மீற்றர் உயரமும் உடைய அப்பாறையில், ஐந்து மாடிகள்போல் அடுக்கடுக்கான குடைவுகள் உள்ளன. ஆதி மனிதர் தங்கிய அவ்விடத்திலேயே மத்திய காலத்தில் ஒரு கிராமமே குடியிருந்தது. 1588இல் மதச் சண்டைகளின்போது அது அழிக்கப்பட்டது. மேலே நின்று நோக்கினால், பச்சை நிற வெசேர் நதியும், அதில் மெல்ல ஊரும் தோணிகளும், அப்பால் சோளவயல்களும் தெரிகின்றன. (உணவு பற்றி ஒரு சொல்: அது வாத்துக்கும் தாராவுக்கும் பேர்போன நாடு. எம்போன்ற சைவ உணவினர் பாணும் ஆட்டுப்பாற்கட்டியும் அக்ரூட் பருப்புங்கொண்டே நாட்களைக் கழிக்கவேண்டியதாயிற்று. அதிலே குறையொன்றும் இல்லை.)

இரண்டாம் நாள், நதிவழியே மேலே சென்று மொன்தினியாக் ஊரை அடைந்தோம். புகழ்பெற்ற லாஸ்கோ குகை அங்கேதான் உள்ளது. ஆயின் நாம் நுழைந்தது குகைக்குள் அன்று. 2016 டிசம்பரில் திறக்கப்பட்ட, குகையின் முழு அளவுப் பிரதிக்குள். எருதுகளும் குதிரைகளும் பாய்ந்தோடும் அந்தக் கூடத்தில் குளிர்கூடக் குகையின் குளிராகவே அமைந்திருந்தது. நாம் அண்ணாந்து நின்றோம். அவ்வேளை பெறாமகள் எமது சட்டையைப் பிடித்திழுத்தாள்.

"பெரியப்பா, இது மெய்யான படமில்லைத்தானே? பிறகேன் நாங்கள் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

இருபது ஆண்டுகள் வகுப்பில் நின்று வினாக்களுக்கு விடை சொல்லிய எமக்கு உடனே விடை வரவில்லை. அன்று மாலை விடுதி முற்றத்தில் அமர்ந்து லாஸ்கோவின் கதையை அவளுக்குச் சொன்னோம். நேயர்களுக்கும் அதையே சொல்லுகிறோம்.

1940ஆம் ஆண்டு. பிரான்சு போரிலே தோற்றிருந்தது. செப்ரெம்பர் 12ஆம் திகதி, மார்செல் ரவிதா, ஜாக் மார்சால், ஜோர்ஜ் அனியேல், சீமோன் கோயன்காஸ் என்னும் நான்கு பையன்கள் காட்டிலிருந்த குழியொன்றை அகலப்படுத்தி உள்ளே இறங்கினர். (குழியைக் கண்டுபிடித்தது ரவிதாவின் நாய் என்றொரு கதை உண்டு. கதை சொல்வோருக்குப் பையன்களைவிட நாயின்மீதே பிரியம் அதிகம்.) சிறு விளக்கின் ஒளியில் அவர்கள் கண்டவை ஏறத்தாழ 17,000 ஆண்டுகள் இருளிலே காத்திருந்த சித்திரங்கள். அந்நால்வரில் சீமோன் யூதச் சிறுவன். அவனுடைய பெற்றோர் பின்னர் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர் என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை.

பையன்கள் யாரிடம் ஓடினர்? ஊர்ப் பழைய ஆசிரியர் லெயோன் லவாலிடம். அவர் முதலில் நம்பத் தயங்கினார். மாணாக்கரின் குறும்பை அறியாத ஆசிரியர் உண்டோ! நேரிற் கண்டபின், எவரும் எதையும் தொடாதபடி காவல்செய்யுமாறு அவர்களுக்குச் சொன்னார். ரவிதாவும் மார்சாலும் குகைவாயிலிற் கூடாரமடித்துக் காவலிருந்தனர். மார்சாலின் காவல் 1989இல் அவர் காலமாகும்வரை நீடித்தது எனலாம்.

ஆயினும் வந்தது பகைவன் அல்லன். வந்தோர் யாவரும் அன்பர்களே. 1948இல் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். ஒவ்வொருவரும் மூச்சு விட்டனர். மூச்சிலுள்ள கரியமில வாயு சுவரின் ஈரத்தோடு கலந்து மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லை அரிக்கும். உடற்சூடும் நீராவியும் குகையின் காற்றை மாற்றும். மின்விளக்கின் ஒளியிலே பச்சைப்பாசி முளைக்கும். வெண்ணிறச் சுண்ணப் படலமும் சித்திரங்களின்மேல் படரத் தொடங்கிற்று. 1963இல் கலாசார அமைச்சர் அந்திரே மல்ரோ குகையை மூடுவித்தார். ஊருக்கு வருவாய் தந்த வாயிலை மூடுவது இலேசான செயலன்று. 1983இல், மூலக் குகைக்கு இருநூறு மீற்றர் தொலைவில், முதற் பிரதி திறக்கப்பட்டது.

பெறாமகள் பேசாதிருந்தாள். எமது விடை அவளுக்குப் போதவில்லை என்பதை முகம் காட்டிற்று. உண்மையைச் சொன்னால் எமக்கும் போதவில்லை. பிரதி எத்துணைச் சிறப்பாயினும், அதன் முன்னே நின்றபோது எமது உள்ளம் வியந்ததேயன்றி நடுங்கவில்லை.

மூன்றாம் நாள், லே ஸெஸியின் எல்லையில் உள்ள ஃபொன் த கோம் குகைக்குச் சென்றோம். பல வர்ணச் சித்திரங்களின் மூலத்தையே இன்றும் காணக்கூடிய மிகச் சில குகைகளுள் இஃதொன்று. சிறு குழுக்களாகவே அனுமதிக்கின்றனர். தம்பியார் பல வாரங்களுக்கு முன்னரே இடம் பதிந்து வைத்திருந்தார்.

இக்குகையின் கதையிலும் ஓர் ஆசிரியரே நாயகர். ஊரார் இக்குகையை நெடுங்காலம் அறிந்தே இருந்தனர். உள்ளே நுழைந்தோர் சுவரிலே தங்கள் பெயர்களையும் கீறிச் சென்றனர். ஒருவர் கண்ணிலும் சித்திரம் படவில்லை. 1901 செப்ரெம்பர் 8ஆம் திகதி, அண்மையிலுள்ள கொம்பாரெல் குகையில் ஆதிச் செதுக்கல்கள் கண்டறியப்பட்டன. அங்கே உடனிருந்த கிராமப் பள்ளி ஆசிரியர் தெனி பெய்ரோனி, நான்கே நாட்களின்பின் விளக்குடன் ஃபொன் த கோமுக்குள் சென்றார், எல்லோரும் பார்த்த சுவரையே பார்த்தார், எருதுகளைக் கண்டார். அது செப்ரெம்பர் 12. லாஸ்கோவும் முப்பத்தொன்பது ஆண்டுகளின்பின் அதே திகதியிலேயே வெளிப்பட்டது.

அந்தக் கண்டுபிடிப்பு ஒரு பழைய அநீதியையும் நீக்க உதவிற்று. 1879இல் ஸ்பெயின் தேசத்து அல்தாமீரா குகையில் சித்திரங்களைக் கண்ட சவுத்துவோலா என்பாரை அறிஞர்கள் நம்பவில்லை. ஆதிமனிதனுக்கு இத்தகைய கைவண்ணம் ஏது என்றனர். அவர் 1888இல் அவ்வவமானத்துடனேயே மறைந்தார். மறுத்தவர்களுள் முதன்மையானவரான எமில் கார்த்தயாக் 1902இல் தமது பிழையை அச்சிலே ஒப்புக்கொண்டார். கேட்கவேண்டியவர் அப்போது இல்லை.

குன்றின் சரிவிலே ஒற்றையடிப் பாதையில் ஏறிக் குகைவாயிலை அடைந்தோம். பைகளை வெளியே வைத்துவிட்டு, உடம்பை ஒடுக்கிச் செல்லவேண்டிய இடுக்கு வழியே உட்சென்றோம். வழிகாட்டும் மாது விளக்கை மெல்லச் சாய்த்தார். வெறும் பாறைப் புடைப்பாகத் தோன்றியது ஒரு காட்டெருதின் முதுகாயிற்று. சுவரில் வடிந்து இறுகிய சுண்ணத்தையே குதிரையின் பின்னங்காலாக ஓவியன் கொண்டிருந்தான். பின்னர் இரண்டு பனிமான்கள். பெண்மான் முழந்தாளிட்டிருக்கிறது, கலைமான் குனிந்து அதன் நெற்றியை நக்குகிறது. வர்ணம் மங்கியிருந்தது, விளக்கு அசைந்தபோதே மான்கள் தெரிந்தன. லாஸ்கோப் பிரதியின் பளிச்சென்ற தெளிவு இங்கே இல்லை. ஆயினும் எமது உடல் சிலிர்த்தது.

தற்செயலாகப் பெறாமகளைத் திரும்பிப் பார்த்தோம். அவள் கன்னங்கள் உப்பியிருந்தன. ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது. நோயோவென்று நாம் பதறியபோது, ஒன்றுமில்லை எனத் தலையை ஆட்டினாள். விளக்கு அப்பாற் சென்றதும் மறுபுறம் திரும்பி மூச்சு விட்டாள்.

வெளியே வெயிலுக்கு வந்தபின் தந்தையார் காரணம் கேட்டார். அவளோ எம்மை நோக்கியே விடை சொன்னாள்.

"மற்ற இடத்தில எல்லாம் ஏலாமல் போச்சு, பெரியப்பா. அந்த மான்களுக்கு முன்னால மட்டும் மூச்சு விடேல்லை."