குடும்பப் பெண் எண்டால் ஆர்?

காலையில போனைத் திறந்தால் ஏதோ ஒரு செய்தித்தளத்தில இந்தத் தலைப்பு இருக்கும்: "இளம் குடும்பப் பெண் சடலமாக மீட்பு". இன்னொரு நாள் குடும்பப் பெண் மாயம். அடுத்த நாள் குடும்பப் பெண் மீது தாக்குதல். வாசிச்சு வாசிச்சு எங்களுக்கும் பழகிப்போச்சு. ஒருக்கா நிண்டு யோசிப்பம். இந்தச் சொல் எங்களுக்கு என்ன தகவலைத் தருது?

இறந்தவர் ஒரு ஆசிரியராக இருந்திருக்கலாம். ஆடைத் தொழிற்சாலையில வேலை செய்திருக்கலாம். கடை நடத்தியிருக்கலாம். தலைப்புக்கு அதெல்லாம் தேவையில்லை. அவர் கலியாணம் கட்டினவர், அது போதும். உண்மையில் இது தகவல் இல்லை, நற்சான்றிதழ். 'ஒரு வீட்டுக்கு உரியவள், ஒழுக்கமானவள், ஆகவே இரங்கலாம்' என்ற அனுமதி. அப்ப கணவனைப் பிரிந்து வாழுற பெண்? கலியாணமே வேண்டாம் எண்ட பெண்? 'குடும்பப் பெண்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லுறேல்லை, அவ்வளவுதான்.

"ஆம்பிளையளுக்கும் குடும்பஸ்தர் எண்டுதானே போடுறாங்கள்?" எண்டு கேப்பீங்கள். போடுறாங்கள்தான். கஞ்சாவோட பிடிபட்டாலும் "குடும்பஸ்தர் கைது" எண்டுதான் வரும். அதுவும் தேவையில்லாத சொல்தான். ஆனால் அது அவரின் ஒழுக்கத்துக்கு மார்க்ஸ் போடுறேல்லை. 'குடும்ப ஆண்' எண்டு நாங்கள் ஆரையும் சொல்லுறதும் இல்லை.

இதைவிட மோசம், அதே 'குடும்பம்' இன்னொரு சொல்லோடு சேரும்போது நடக்கிறது. "குடும்பத் தகராறில் குடும்பப் பெண் பலி." இந்த வசனத்தில் கொலை செய்தது ஆர்? தேடிப் பாருங்கோ, ஆளே இல்லை. தகராறு கத்தி தூக்காது. தூக்கினது ஒரு மனிசன். தகராறு எண்டால் இரண்டு பக்கமும் பிழை எண்டுதான் வாசிக்கிறவருக்குப் படும். வருசக்கணக்காக அடி வாங்கின பெண்ணும் அடிச்ச ஆளும் ஒரே தராசில ஏறிவிடுகினம்.

இது சின்ன விசயம் இல்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வின்படி, இலங்கையில் துணையோடு வாழ்ந்த பெண்களில் 5 பேருக்கு ஒருவர் அந்தத் துணையிடமிருந்தே உடல் அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் ஒரு தடவையாவது சந்தித்திருக்கிறார். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இலேயே வந்துவிட்டது. நீதவான் நீதிமன்றத்தில் 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். வீட்டுக்குள் நடக்கிறதும் வன்முறைதான் எண்டு சட்டம் ஏற்றுக்கொண்டு இவ்வளவு காலமாச்சு. எங்கட செய்தியாளர்களுக்கு மட்டும் அது இன்னும் 'தகராறு'. (சட்டமும் முழுசா வளர்ந்திட்டுது எண்டு சொல்லேலாது. நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்திருந்தால் ஒழிய, மனைவி மீதான வல்லுறவைத் தண்டனைச் சட்டக்கோவை இன்னும் குற்றமாக எடுப்பதில்லை.)

"வழக்கு முடியேல்லை, கணவன்தான் செய்தவர் எண்டு எப்படி எழுதிறது?" எண்டு செய்தியாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆரும் உங்களைத் தீர்ப்பு எழுதச் சொல்லேல்லை. "பெண் கொலை: சந்தேகத்தில் கணவர் கைது" எண்டு எழுதலாம். அதில் பொய்யும் இல்லை, ஒளிப்பும் இல்லை. தலைப்பும் நீளேல்லை.

இறந்தவரின் வயது, ஊர், அவர் செய்த வேலை. இவ்வளவும் போதும். வீட்டுக்குள் வன்முறை நடந்த செய்தி எண்டால், கடைசி வரியில் 1938 எண்ட பெண்கள் உதவி இலக்கத்தைப் போடுங்கோ. அதை வாசிக்கிற ஆராவது ஒருத்தி அண்டைக்கு இரவே எடுக்கக்கூடும்.

நாங்களும் சும்மா இருக்கேலாது. அந்தத் தலைப்பை அப்படியே பகிர்ந்து கண்ணீர் பொம்மை போடுறது நாங்கள்தானே. இனிப் பகிர முதல் அதைத் திருத்தி எழுதுவம். "கொன்றது ஆர் எண்டு ஏன் போடேல்லை?" எண்டு ஆசிரியபீடத்திட்டக் கேப்பம். செத்த பிறகாவது அவளை ஒரு ஆளாக எழுதட்டும்.