பிம்பிரியில் இழந்த பென்சிலின்

1944 பிப்ரவரியில் புணே ஆகாகான் மாளிகையில் காவலில் இருந்த கஸ்தூரிபா காந்தி நோய் முற்றி மரணப் படுக்கையில் கிடந்தபோது, அவருக்காகப் பென்சிலின் விமானத்தில் வரவழைக்கப்பட்டது. ஊசி போட காந்தியடிகள் இசையவில்லை என்பது வேறு விஷயம். அந்த நாளில் இந்தியனுக்குப் பென்சிலின் என்பது கடல் கடந்து வரவேண்டிய அரிய பொருள். அதே புணேயை ஒட்டிய பிம்பிரியில், பதினொரு ஆண்டுகள் கழித்து 1955-இல், இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்கிற பொதுத்துறை நிறுவனம் பென்சிலினைத் தயாரிக்கத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கைகொடுத்தன. மருந்துத் துறையில் சுதந்திர இந்தியாவின் முதல் அரசு ஆலை அதுதான்.

வெறும் தயாரிப்புக் கூடமாக மட்டும் அது இருக்கவில்லை. பிம்பிரி மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரிலிருந்து ஹமைசின் என்ற பூஞ்சைக் கொல்லி மருந்தை 1960-களின் தொடக்கத்தில் திருமலாச்சார் தலைமையிலான விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். அந்த நுண்ணுயிரின் அறிவியல் பெயரிலேயே பிம்பிரி ஊர் இடம்பெற்றிருக்கிறது. ஏழை நாடு ஒன்றின் அரசு ஆலை புதிய மருந்தைக் கண்டுபிடித்தது என்பதை இன்றைய தலைமுறை நம்புவதுகூடக் கடினம்.

இன்று அங்கே பென்சிலின் மூலமருந்து உற்பத்தி இல்லை. வெளியிலிருந்து வாங்கும் மூலப்பொருளை மாத்திரையாகவும் ஊசிமருந்தாகவும் மாற்றித் தருகிற அளவுக்கு அந்த நிறுவனம் சுருங்கிவிட்டது.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சுங்கவரியும் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. 1994-இல் திருத்தப்பட்ட மருந்துக் கொள்கை, பென்சிலின் உள்பட பெரும்பாலான மூலமருந்துகளுக்குத் தொழில் உரிமம் வேண்டியதில்லை என்று அறிவித்தது. 1979-இல் விலைக் கட்டுப்பாட்டின்கீழ் இருந்த மூலமருந்துகள் 347. 1987-இல் அவை 142 ஆகவும், 1995-இல் எழுபதுக்குச் சற்று மேலாகவும் குறைக்கப்பட்டன. 1997-இல் பிம்பிரி நிறுவனம் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டு, தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியத்தின் வாசலில் நின்றது. 2006-இல் மறுவாழ்வுத் திட்டம் ஒன்று வந்தது. அதனாலும் பென்சிலின் திரும்பவில்லை.

இதில் நிறுவனத்தின் தவறே இல்லை என்று வாதிட நாம் முன்வரவில்லை. போட்டியே இல்லாத காலத்தில் தொழில்நுட்பத்தைப் புதுப்பிக்காமல் காலம் கடத்தியதும், தில்லியிலிருந்து அனுமதி வரும் வரை சிறு முடிவுகூட எடுக்க முடியாத நிர்வாக முறையும் உண்மையே. ஆனால், அரசு நிர்வாகத்தின் மெத்தனம் மட்டுமே காரணம் என்றால் தனியார் ஆலைகள் தழைத்திருக்க வேண்டும் அல்லவா? தமிழக வாசகர்கள் புணே வரை போக வேண்டியதில்லை. கடலூர் சிப்காட்டில் பென்சிலின்-ஜி தயாரித்த தனியார் ஆலைகள் என்னவாயின? குஜராத்தில் என்ன நடந்தது? ஒன்றன்பின் ஒன்றாக எல்லோருமே உற்பத்தியைக் கைவிட்டனர்.

காரணம் எளிது. பென்சிலின் என்பது ராட்சதக் கலன்களில் பூஞ்சையை ஊட்டி வளர்த்து, நொதிக்க வைத்து எடுக்கப்படும் பொருள். சர்க்கரைச் சத்து, மின்சாரம், நீராவி, குளிர்நீர் ஆகியவை இரவும் பகலும் தடையின்றி வேண்டும். கலன் பெரிதாகப் பெரிதாகச் செலவு குறையும். சீனா தனது மாகாண அரசுகளின் ஆதரவோடு மாபெரும் ஆலைகளை எழுப்பி, நாம் அடக்கவிலை என்று நினைத்ததற்கும் கீழே விற்றது. நமது மாத்திரைக் கம்பெனிகள் மலிவான சரக்கை மகிழ்ச்சியோடு வாங்கின. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்றவற்றின் தாய்ப்பொருளே பென்சிலின்-ஜி தான். தாய்ப்பொருளை அயல்நாட்டில் வாங்கிக்கொண்டு "உலகின் மருந்தகம்" என்று மார்தட்டிக்கொண்டோம். நமது மூலமருந்து இறக்குமதியில் மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்தே வருகிற நிலைக்கு வந்து சேர்ந்தோம்.

இது தேச கௌரவம் சம்பந்தப்பட்ட பிரச்னை மட்டுமல்ல. தொண்டை நோயில் தொடங்கி இதய வால்வைத் தின்றுவிடும் ருமாட்டிக் காய்ச்சல் ஏழைக் குழந்தைகளின் நோய். மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் பென்சாதின் பென்சிலின் ஊசிதான் அவர்களுக்குக் காவல். சில ரூபாய்களே விலை என்பதால் அதில் லாபம் இல்லை. லாபம் இல்லாததால் தயாரிப்போரும் அருகிவிட்டனர். கடந்த பத்தாண்டுகளில் இந்தியா உள்பட பல நாடுகளில் அந்த ஊசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. தேவை இருந்தால் சந்தை தானாகவே தயாரித்துத் தரும் என்ற வாதம், தேவைப்படுகிறவரின் பையில் பணம் இல்லாதபோது பொய்த்துப் போகிறது.

ஆபத்தை அரசு அறியாமல் இல்லை. கடோச் குழு 2015-இல் அளித்த பரிந்துரைகளில், பென்சிலின் போன்ற இன்றியமையாத மருந்துகளுக்காகப் பொதுத்துறை ஆலைகளை மீட்டெடுப்பதும் ஒன்று. அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பரில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவு என்ன தெரியுமா? பிம்பிரி நிறுவனத்தின் உபரி நிலத்தை விற்றுக் கடனை அடைப்பது. பின்னர் நிறுவனத்தையே விற்பது! 2019-இல் தொழிலாளர்களின் சம்பள பாக்கிக்கும் விருப்ப ஓய்வுக்குமாக அந்நிறுவனத்துக்கு ரூ. 280 கோடி கடன் ஒதுக்கப்பட்டது. மாதக்கணக்கில் சம்பளம் காணாத குடும்பங்களுக்கு அது தேவைதான். ஆனால், ஆலையை இயக்குவதற்கு அல்ல, ஆளைக் குறைப்பதற்கே அந்தப் பணம் வந்தது.

2020-இல் கரோனா வந்தது. சீன ஆலைகள் மூடிக்கிடந்த அந்த மார்ச் மாதத்தில், பாராசிட்டமால் உள்பட 26 மூலமருந்துகளுக்கும் மருந்துகளுக்கும் இந்தியா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. அதே மாதம், உள்நாட்டில் மூலமருந்து தயாரிப்போருக்கு ரூ. 6,940 கோடி ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் பயனாக, ஆந்திரத்தின் காக்கிநாடா அருகே தனியார் நிறுவனம் அமைத்த பென்சிலின்-ஜி ஆலையை 2024 அக்டோபரில் பிரதமர் தொடங்கிவைத்தார். நல்ல செய்திதான். ஆனால், வரிப்பணத்தில் கட்டிய சொந்த ஆலையைச் சந்தையின் பெயரால் சாகவிட்டு, அதே பொருளைத் தயாரிக்க வரிப்பணத்திலிருந்தே தனியாருக்கு ஊக்கத்தொகை கொடுப்பதற்குத் தாராளமயம் என்று பெயர் சூட்டுவது எப்படிப் பொருந்தும்?

புணேயிலேயே இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையல்ல. சைரஸ் பூனாவாலா 1966-இல் தொடங்கிய சீரம் இன்ஸ்டிட்யூட், ஏழை நாடுகளின் குழந்தைகளுக்கு மலிவு விலையில் தடுப்பூசி வழங்கி, எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரிய தடுப்பூசி நிறுவனமாக வளர்ந்தது. தனியார் என்பதாலேயே பழிக்கத் தேவையில்லை. ஆயினும் அரசு தன் கையை முற்றிலும் விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதையும் 2021-இல் அதே நிறுவனத்தின் தடுப்பூசியே காட்டிக்கொடுத்தது. மத்திய அரசுக்கு ஒரு டோஸ் ரூ. 150, மாநில அரசுகளுக்கு ரூ. 400, தனியார் மருத்துவமனைகளுக்கு ரூ. 600 என மூன்று விலைகள் அறிவிக்கப்பட்டன. மாநிலங்களுக்கான விலை பிறகு ரூ. 300 ஆனது. மே முதல் தேதி அமலான அந்தக் கொள்கையின் பெயரிலேயே "தாராளமயம்" என்ற சொல் இருந்தது. மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுத் தடுப்பூசிக்கு அலைந்தன. ஜூன் மாதத்தில் மத்திய அரசே 75 சதவீதக் கொள்முதலைத் திரும்ப ஏற்க வேண்டியதாயிற்று.

பேரம் பேச அரசிடம் வேறு வழி இருந்ததா? குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பிசிஜி ஆய்வுக்கூடம், கசௌலி மத்திய ஆய்வு நிலையம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உரிமத்தை 2008 ஜனவரியில் மத்திய அரசே நிறுத்திவைத்தது. தரக்குறை இருந்தால் சீர்செய்திருக்கலாம். இரண்டு ஆண்டு உற்பத்தியை முடக்கியது ஏன்? 2010-இல் உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால், இழந்த இடம் இழந்ததுதான். செங்கல்பட்டு அருகே சுமார் ரூ. 600 கோடி மதிப்பீட்டில் திட்டமிட்ட தடுப்பூசி வளாகம், நாடே தடுப்பூசிக்குத் தவித்த 2021-இல் ஒரு குப்பிகூடத் தயாரிக்காமல் பூட்டிக்கிடந்தது. அதைக் குத்தகைக்கு மாநில அரசு கேட்டும் பயனில்லை.

தாராளமயக் காலத்திலேயே அரசு விழிப்போடு இருந்ததற்கு முன்மாதிரியும் தமிழகத்தில் உண்டு. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை இலவச மருந்தைக் கொண்டு சேர்த்தது. சந்தையை ஒழிக்காமலே சந்தையைக் கட்டுக்குள் வைத்திருக்க முடியும் என்று அது காட்டியது. அந்தக் கழகம் வாங்கும் அமாக்சிசிலினுக்கும் மூலம் சீனாவா, காக்கிநாடாவா என்பதுதான் இனி கேள்வி. காக்கிநாடாவில் ஒரே ஆலையை நம்பியிருப்பதும் ஆபத்தே. சீனா நாளை மறுபடி விலையைக் குறைத்தால், அந்தத் தனியார் நிறுவனமும் கணக்குப் பார்க்கத்தான் செய்யும்.

பிம்பிரி வழியாக இப்போது மெட்ரோ ரயில் ஓடுகிறது. அங்குள்ள நிலத்தின் விலை மூலமருந்தின் விலையைவிடப் பல மடங்கு வேகமாக ஏறுகிறது. அந்த நிலத்தை விற்கும் முன், ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஒரு பகுதியையாவது பிம்பிரிக்குத் தந்து பென்சிலின் உற்பத்தியை மீண்டும் தொடங்க முடியுமா என்று ஆராயப்பட்டதா, ஆராயப்பட்டிருந்தால் அந்த அறிக்கை எங்கே என்பதை ரசாயன, உரத்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். மகாராஷ்டிர உறுப்பினர்கள் மட்டுமல்ல, கடலூர் ஆலைகளைப் பறிகொடுத்த தமிழக உறுப்பினர்களும் அதைக் கேட்க வேண்டும்.