எந்தப் புத்தகம் விற்கும்?

தம்பானூரில் ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் எதிரெதிரே இருக்கின்றன. நாகர்கோவில் வண்டிக்குக் காத்திருக்கும் தமிழர் கையில் பெரும்பாலும் செல்போன்தான் இருக்கும். தப்பித்தவறிப் புத்தகம் இருந்தால், அது பஞ்சாங்கமாகவோ, ராசிபலனாகவோ, பரீட்சைக்கான வினா-விடையாகவோ இருக்கும்.

சொந்தக் காசில் கதையோ கவிதையோ அச்சிட்டு, கட்டுகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கும் எழுத்தாளர் இதைப் பார்த்து, "ஜனங்களுக்கு ருசி இல்லை" என்று நொந்துகொள்வார். அது அவசரத் தீர்ப்பு. பஞ்சாங்கம் தேவைப்படும் நாளில், தேவைப்படும் இடத்தில், கைக்கு எட்டும் விலையில் வந்து நிற்கிறது. கவிதைப் புத்தகம் அப்படி வந்து நிற்கிறதா?

பாரதியாருக்கு இது தெரிந்திருந்தது. 1920ல் தம் நூல்களை 40 பகுதிகளாக, பகுதிக்கு 10,000 பிரதி வீதம், அரை ரூபாய் விலையில் வெளியிடத் திட்டமிட்டு, அன்பர்களிடம் கடன் கேட்டார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல அவை வீடுதோறும் போய்ச் சேரும் என்பது அவர் கணக்கு. பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவரே மறைந்தார். 1949ல் சென்னை அரசு அவர் நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. மலிவுப் பதிப்புகள் வந்தன, வீடுதோறும் போயின. கணக்கில் பிழையில்லை. முதல் போடத்தான் அன்று ஆளில்லை.

1959ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா, புத்தகப் பையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். எண்பது வயதைக் கடந்தபின், 1997ல், 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். 1998ல் காலமானார். அதற்குச் சாகித்ய அகாடமி பரிசு வந்தது 2001ல்!

மலையாளத்தில் வைக்கம் முகம்மது பஷீரும் தம் புத்தகங்களைத் தாமே சுமந்து விற்றவர்தான். ஆனால் அங்கே 1945லேயே 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலில் கோட்டயத்தில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். எழுதியவருக்கு 30 சதவீத ராயல்டி என்றார்கள். விற்கக் கடைகளும் திறந்தார்கள். மலையாளியின் ருசி உயர்ந்தது, தமிழனின் ருசி தாழ்ந்தது என்பதல்ல விஷயம். ஏற்பாடு இருந்த இடத்தில் புத்தகம் நகர்ந்தது.

தம்பானூரிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது சாலைக் கடைத்தெரு. அங்கே கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் வாழ்வைக் கதையாக்கிய ஆ.மாதவன், இதே ஊரின் நீல பத்மநாபன் ஆகிய இருவருமே அகாடமி பரிசு பெற்றவர்கள். அத்தெருவில் தினமும் மூட்டை தூக்கும், கணக்கு எழுதும் தமிழர்களில் எத்தனை பேர் கண்ணில் அப்புத்தகங்கள் பட்டிருக்கும்? தங்கள் வாழ்வையே எழுதிய புத்தகம் தங்களுக்கே எட்டவில்லை என்றால், நஷ்டம் எழுத்தாளருக்கு மட்டும்தானா?

இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் பொன்னாடைக்குப் பதில் உள்ளூர் எழுத்தாளரின் புத்தகம் கொடுக்கலாம். பந்தல் வாசலில் ஒரு மேஜை போட்டு விற்கலாம். 1829ல் தோன்றிய திருவனந்தபுரம் மத்திய நூலகத்தில் தமிழ் நூல்கள் உண்டு; அங்கு உறுப்பினராகிப் படிக்கலாம், புதிய நூல்களைக் கேட்கலாம். கேட்கிற ஆள் இருந்தால்தான் வாங்குகிற கை நீளும்.

எந்தப் புத்தகம் விற்கும் என்று எழுத்தாளர் யோசிப்பது இருக்கட்டும். எந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்குவது என்று வாசகரும் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?