வலை போன பின் வரும் வினாடிகள்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களை ஒட்டிய ஓடைகளில் சிறு நீர்மின் நிலையங்கள் பல இயங்குகின்றன. ஏப்ரல் பிற்பகலின் இடிமின்னலோ, தென்மேற்குப் பருவக்காற்றில் சாயும் மரமோ 33 கிலோவோல்ட் கம்பியை எப்போது துண்டிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. துண்டித்த கணமே பொறியின் இயல்பு மாறுகிறது. மின்வலையோடு இணைந்திருக்கையில் 50 ஹேர்ட்ஸை வலையே காக்கும். தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்து வால்வைத் திருப்பினால் போதும். வலை போய்விட்டால் டர்பைனின் வேகம் முழுவதும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் பொறுப்பு.

குழாய்க்குள் இருக்கும் நீரோ உடனே கீழ்ப்படிவதில்லை. எஃகுக் குழாயில் அழுத்த அலை வினாடிக்குச் சுமார் 1,200 மீட்டர் ஓடும் என்று கொண்டால், 600 மீட்டர் குழாயில் அது போய்த் திரும்பவே 1 வினாடி ஆகும். வால்வைத் திறந்ததும் மின்வலு முதலில் சற்று இறங்கி, பிறகே ஏறும். அவசரமாக மூடினால் எழும் அழுத்தம் குழாயையே பிளந்துவிடலாம்.

எதிர்பாராத நிலைமாற்றம், தாமதம் என்ற இந்த இரண்டு பிரச்சினைகளிலும் கணிதவியலாளர் கிரசோவ்ஸ்கியின் பெயர் வருகிறது. லிட்ஸ்கியுடன் சேர்ந்து 1961இல் அவர் எழுதிய கட்டுரைகள் தற்செயலாகத் தாவும் முறைமைகளின் ஆய்வுக்கு அடித்தளமிட்டன. தாமத முறைமைகளின் உறுதிநிலையை ஆராயும் லியாபுனோவ்-கிரசோவ்ஸ்கி சார்பியமும் அவர் பெயரைத் தாங்குகிறது. ஒவ்வொரு நிலையும் தனித்தனியே உறுதியாக இருந்தாலும், அவற்றிடையே தாவும் முறைமை நிலைகுலையலாம் என்பது இத்துறையின் முக்கியமான எச்சரிக்கை.

இத்தகைய முறைமைகளுக்கான பல கட்டுப்படுத்தி வடிவமைப்புகள் இரண்டு விடயங்களை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன: நிலைமாற்ற வீதங்கள் தெரியும், இப்போது எந்த நிலை என்பதும் கட்டுப்படுத்திக்கு உடனே தெரியும். தோட்டத்து மின்நிலையத்தில் இரண்டும் பொருந்துவதில்லை. வலை போனதை ரிலே உறுதிசெய்யவே நேரம் பிடிக்கும். அதுவரை பழைய நிலைக்கான கெயினோடு புதிய பொறி ஓடுகிறது. நாடளாவிய மின்தடைகளோ அபூர்வம். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையக் கோளாறால் இலங்கை முழுவதும் இருண்டது போன்ற சில நிகழ்வுகளை வைத்து வீதங்களைக் கணிக்க முடியாது. வீதங்களுக்கு ஒற்றை எண்ணைத் தராமல் எல்லைகளைக் குறித்து, அவற்றுக்குள் எங்கும் தாங்கும் கட்டுப்படுத்தியை வடிவமைப்பதே நேர்மையான வழி.

தாமதத்தைக் கணக்கில் எடுப்பதற்கு முன், அதைத் தவிர்க்கவும் முடியும். சப்பிரகமுவ மலைக்கிராமங்களின் நுண் நீர்மின் திட்டங்களில் மின்னணுச் சுமைக் கட்டுப்படுத்தி நீரைத் தொடுவதே இல்லை. மிஞ்சும் மின்சாரத்தை ஹீட்டருக்குத் திருப்பி வேகத்தைப் பிடிக்கிறது. பெல்டன் டர்பைனில் திசைதிருப்பி நீர்த்தாரையை நொடியில் விலக்கிவிட, ஊசிவால்வு மெதுவாக மூடிக்கொள்கிறது.

ஆகவே இனி வரும் கட்டுரைகளில் மூன்று அளவீடுகளை இவ்விதழ் எதிர்பார்க்கிறது: நிலையைக் கண்டறிய ஆன நேரம், வால்வு முழுவதும் மூட ஆகும் நேரம், ஒவ்வொரு துண்டிப்பின் காரணமும் கால அளவும். இவற்றைக் குறிக்கும் பதிவேட்டை இந்தப் பருவமழைக்கு முன்னரே மின்நிலையங்களில் திறந்து வைத்தால், அடுத்த மழைக்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க ஓராண்டுத் தரவு கையில் இருக்கும்.