கடைசி ஓவருக்கு எத்தனை மூட்டை?

தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பி.காம். படித்தவன், அதற்காகவாவது கேளுங்கள். 2025-26 கொள்முதல் சீசனில் சன்ன ரக நெல்லுக்கு அரசாங்கம் கொடுத்த விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். டி.பி.சி.யில் பிடிக்கிற மூட்டை 40 கிலோ. ஆக, மூட்டைக்கு 1,018 ரூபாய். உழுது, நட்டு, களை பறித்து, அறுத்து, கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாயை மூடிக்கொண்டு ராத்திரியெல்லாம் மழைக்குக் காவல் காத்து, அப்பன் கொண்டுவந்த அந்த ஆயிரத்தை, ஐ.பி.எல். ஃபைனலில் 'அடுத்த பாலில் பவுண்டரி உண்டா, இல்லையா' என்பதற்கு வைக்கிறான் பிள்ளை. ஒரு பாலுக்கு ஒரு மூட்டை. ஓவருக்கு ஆறு மூட்டை. வைடு போட்டால் ஏழு!

கேட்டால், "சும்மா ஒரு ஜாலிக்குத்தாண்ணே!"

இந்த ஜாலி வருகிற மாதத்தைப் பாருங்கள். டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்பு தையில் ஆரம்பித்துப் பங்குனி வரை போகும். நெல் போட்ட பணம் பேங்க் கணக்கில் ஏறி முடிக்கிற நேரத்தில், மார்ச் கடைசியில், ஐ.பி.எல். ஆரம்பம். மே கடைசியிலோ ஜூன் முதல் வாரத்திலோ ஃபைனல். 2025-ல் அது ஜூன் 3. மேட்டூர் அணை திறந்தது ஜூன் 12. நடுவே ஒன்பதே நாள். விதைநெல், உழவுக் கூலி, அடியுரம் என்று குறுவைக்குக் காசு தேடுகிற நாட்கள் அவை. மும்பையில் உட்கார்ந்து மேட்ச் அட்டவணை போடுகிறவருக்குக் குறுவை என்றால் என்னவென்றே தெரியாது, பாவம். ஆனால் கெடுதல் செய்வதற்கு விவரம் தெரிந்திருக்க வேண்டுமா என்ன? 2024-ல் தண்ணீர் இல்லாமல் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவே இல்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அந்த வருடமும் ஃபைனல் மட்டும் சொன்ன தேதியில், மே 26-ல், சேப்பாக்கத்தில் ஜம்மென்று நடந்தது. காவிரிக்கு இல்லாத உத்தரவாதம் கிரிக்கெட்டுக்கு இருக்கிறது.

உடனே என்னைக் கிரிக்கெட் விரோதி ஆக்கிவிடாதீர்கள். டீக்கடை பெஞ்சில் நடக்கிற கிரிக்கெட் வாதத்துக்கு நான் பரம ரசிகன். 2023 ஃபைனலை நினைத்துப் பாருங்கள். குஜராத் 214 ரன். அதில் நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன் 47 பாலில் 96. சென்னைக்கு எதிராக! கைதட்டுவதா, கன்னத்தில் கை வைப்பதா? அப்புறம் மழை. 15 ஓவரில் 171 என்று புது இலக்கு. தோனி முதல் பாலிலேயே அவுட். கடைசி இரண்டு பாலில் பத்து ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குத் தெருவில் வெடிச்சத்தம். இதை வைத்து ஆறு மாசம் பேசலாம். 'சாய் சுதர்சனை நாம ஏன் ஏலத்துல விட்டோம்?' என்று சித்தப்பாவும் மகனும் சண்டை போடலாம். காசு செலவில்லாத சண்டை.

பந்தயம் கட்டியவனுக்கு இந்தச் சுகமே கிடையாது. தோனி முதல் பாலில் அவுட் ஆனபோது அவன் தோனியைப் பார்க்கவில்லை. செல்போனில் ரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். குஜராத் மேல் காசு வைத்திருந்தால், மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டே உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்பான். இவனை ரசிகன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

"எனக்கு கிரிக்கெட் தெரியும்ணே. பிட்ச் பார்ப்பேன், டாஸ் பார்ப்பேன், பனி பார்ப்பேன். இது சூதாட்டம் இல்ல, அறிவு" என்று சொல்கிற தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

டீக்கடையில் நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஆயிரம் கட்டினால், ஜெயித்தவனுக்கு இரண்டாயிரம். ஆப்பில் அப்படி இல்லை. சரிசமமான இரண்டு டீம் என்றால், உதாரணத்துக்கு, ஆயிரம் கட்டியவனுக்கு 1,900 திரும்பும். மீதி நூறு கம்பெனிக்கு. அதாவது கட்டுகிற பணத்தில் நூற்றுக்கு ஐந்து. அஞ்சு ரூபாய்தானே என்று தோன்றும். சரி, ஒரு ஊரே சேர்ந்து ஒரு லட்சம் கட்டுகிறது, பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். முதல் மேட்ச் முடிந்ததும் ஊரில் இருப்பது 95,000. அதையே அடுத்த மேட்ச்சுக்கும் இதேபோல் கட்டுகிறார்கள். 2025 சீசனில் மொத்தம் 74 மேட்ச். ஃபைனல் முடிந்ததும் அந்த ஊரில் மிச்சம் இருப்பது சுமார் 2,250 ரூபாய். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு மேட்ச்கூட ஃபிக்ஸ் ஆகவில்லை. ஊரில் பாதிப் பேர் ஒவ்வொரு நாளும் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். பணம் மட்டும் போய்விட்டது.

இதில் உன் அறிவு எங்கே வருகிறது தம்பி? ரேட் போடுகிறவனிடம் உன்னைவிட விவரமான ஆட்களும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. பாரதக்கூத்து பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. தருமர் ஆட உட்கார்ந்தபோது பகடை யார் கையில் இருந்தது என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

ஒன்று கவனித்தீர்களா? கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இத்தனை ரூபாய் மாமூல் கேட்கிறார்கள் என்று நம் விவசாயிகள் வருஷா வருஷம் குமுறுகிறார்கள், சாலையில் உட்கார்ந்து மறியல் செய்கிறார்கள். ரொம்ப நியாயம். அதே வீட்டுப் பையன் ஒரு மூட்டைக் காசை ஆப்பில் வைக்கும்போது, முகம் தெரியாத கம்பெனிக்கு 50 ரூபாய் மாமூல் போகிறது. அதற்கு மறியல் கிடையாது, 'வெல்கம் போனஸ்' கொடுத்தான் என்று நன்றி வேறு!

"அரசாங்கமே நடத்தலையா?" என்று கேட்பார்கள். நடத்தியது. 1968-ல் அண்ணா காலத்தில், 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று சொல்லி லாட்டரி ஆரம்பித்தார்கள். விழாமலே போன வீடுகள் எத்தனை என்று 35 வருஷம் பார்த்த பிறகு, 2003 ஜனவரியில் ஜெயலலிதா தடை போட்டார். பெட்டிக்கடை வாசலில் தொங்கிய சீட்டுக் கட்டு ஒரே நாளில் காணாமல் போனது. இன்று அது சட்டைப்பையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பையன்களை மட்டும் திட்டுவது கோழைத்தனம். சொல்லிக்கொடுத்தது யார்? 2020-ல் ஐ.பி.எல். பெயருக்கு முன்னாலேயே ட்ரீம் லெவன் ஒட்டிக்கொண்டது. 2023-லிருந்து இந்திய டீமின் நெஞ்சிலும் அதே பெயர். 'இது சூதாட்டமில்லை, திறமை' என்று கோர்ட்டில் வாதாடி ஜெயித்த வியாபாரம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்ததும், பனியனிலிருந்து பெயர் பறந்தது. அதே ஆகஸ்டில், ஒரு வெளிநாட்டுப் பந்தயக் கம்பெனி விளம்பரம் தொடர்பாக அமலாக்கத்துறை விசாரித்தது யாரை? நம்ம 'சின்ன தல' சுரேஷ் ரெய்னாவை. நவம்பரில் அவருடையதும் ஷிகர் தவானுடையதுமாக 11 கோடி ரூபாய்க்கு மேல் சொத்தை முடக்கியது. குற்றமா இல்லையா என்பதை கோர்ட் சொல்லட்டும். தலைமாட்டில் போஸ்டர் ஒட்டியவன் யார் பேச்சைக் கேட்பான் என்பதுதான் என் கேள்வி. சென்னை டீமே 2016, 2017 இரண்டு வருஷம் வெளியே உட்கார்ந்ததற்குக் காரணம், டீம் நிர்வாகத்தில் வலம் வந்த குருநாத் மெய்யப்பன் பந்தயம் கட்டியதுதான். லோதா கமிட்டி சொன்ன தீர்ப்பு அது. 2018-ல் திரும்பி வந்து கோப்பை அடித்ததும் எல்லாம் மறந்துபோச்சு.

அதே லோதா கமிட்டி 2016-ல் பந்தயத்தைச் சட்டப்படி அனுமதிக்கலாம் என்றது. 2018-ல் சட்ட ஆணையமும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. 'எப்படியும் ஆடுவான், வரியாவது வரட்டும்' என்கிற வாதம் கோட்டு சூட்டு ஆசாமிகளுக்கு இன்றும் பிடிக்கும். எல்லாம் சட்டப்படி நடக்கிற இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கே வட்டப் பலகையில் சின்ன அம்பு எறிகிற டார்ட்ஸ் விளையாட்டின் உலக சாம்பியன்ஷிப் அமர்க்களமாக நடக்கும். 2024, 2025 ஃபைனல்களில் லூக் லிட்லர் என்ற பையன் ஆடினான். முதல் தடவை தோற்றபோது வயது 16, மறு வருஷம் சாம்பியன். பந்தயம் கட்ட வயது 18 ஆக வேண்டிய நாடு அது. ஆனால் பையன் ஆடிய போட்டியின் பெயரிலேயே பந்தயக் கம்பெனி பெயர்: பேடி பவர். (நம்ம பேடி இல்லை, அயர்லாந்துக்காரர் பெயர். நெல்லுக்கு இருக்கிற பவர் நமக்குத் தெரியாதா!) இவ்வளவு தாராளமான அந்த தேசமே 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டுவதைத் தடை செய்தது. கடன் வாங்கிக் கட்டி ஜனங்கள் மூழ்கியதைப் பார்த்த பிறகு. 2025-26 சீசனோடு பனியன் முன்பக்கத்தில் பந்தய விளம்பரம் வேண்டாம் என்று பிரீமியர் லீக் கால்பந்து கிளப்புகள் 2023-லேயே முடிவெடுத்தன. நாம் போக ஆசைப்படுகிற ஊரிலிருந்து அவர்கள் மூட்டை கட்டிக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டம் நம்மிடம் குறைவில்லை. தமிழ்நாடு 2020-ல் ஒன்று கொண்டுவந்தது, 2021-ல் ஹைகோர்ட் ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு இன்னொன்று. கவர்னர் அதைத் திருப்பி அனுப்பி, சட்டசபை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் கையெழுத்து விழுந்தது. ஆனால் வெளியூர் சர்வரில் இருக்கிறவனை நம்ம ஸ்டேஷன் ஏட்டையா எப்படிப் பிடிப்பார்? அவர் கையில் கிடைப்பது நாலு செல்போனும் மூவாயிரம் ரூபாயுமாக டீக்கடைப் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர்தான்.

பிடிக்க வேண்டிய இடம் பேங்க். பணம் போய்ச் சேருவது கம்பெனி பெயரில் இருக்கிற கணக்குக்கு அல்ல. யாரோ ஒரு காலேஜ் பையன், கொஞ்சம் காசுக்கு ஆசைப்பட்டு, தன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் வாடகைக்குக் கொடுத்திருப்பான். அதில் நாளைக்குப் பல லட்சம் வரும், போகும். வழக்கு வந்தால் முதலில் தேடுவது அவன் வீட்டு வாசலைத்தான். அப்பாவின் நெல் பணம் ஏறுகிற அதே கிளையில்தான் பல நேரம் அந்தக் கணக்கும் இருக்கும். மேனேஜர் சார், மார்ச் மாதம் திடீரென்று குதிக்கிற மாணவர் கணக்குகளை ஒரு பார்வை பாருங்கள். கணக்கை வாடகைக்கு விட்டால் ஜெயில் என்று பெரிய எழுத்தில் ஒரு நோட்டீஸ் அடித்து காலேஜ் வாசலில் ஒட்டுங்கள், டி.பி.சி.யிலும் ஒட்டுங்கள். தராசுக்கு மேலே சுவர் காலியாகத்தான் இருக்கிறது.