கார் ஆயிலை மேலிருந்தே உறிஞ்சி எடுக்கலாமா?

கேள்வி: “எங்கள் வீட்டில் ஒரு சிறிய கார், ஒரு டிராக்டர், கிணற்று மேட்டில் ஒரு டீசல் இன்ஜின் இருக்கின்றன. காருக்கு அடியில் படுத்து ஆயில் மாற்ற உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஆயிலை மேலிருந்தே உறிஞ்சி எடுக்கும் ‘வேக்குவம் எக்ஸ்ட்ராக்டர்’ வாங்கலாமா? டிராக்டருக்கும் அது உதவுமா? எடுத்த பழைய ஆயிலை வேலிக் கம்புகளுக்குப் பூசலாமா?”
– வாசகர், பூந்தமல்லி.

பதில்: காருக்கு வாங்கலாம், முதலில் ஒரு சோதனை செய்துபார்க்க வேண்டும். டிராக்டருக்கும் டீசல் இன்ஜினுக்கும் தேவையில்லை. பழைய ஆயிலை வேலிக் கம்புக்கு மட்டுமல்ல, நிலத்தில் எங்குமே பூசவோ, ஊற்றவோ கூடாது.

கருவி எப்படி வேலை செய்கிறது?

காற்றுப் புகாத ஒரு தொட்டி, அதன்மேல் கைப்பம்பு, கூடவே ஒரு மெல்லிய குழாய். கருவி இவ்வளவுதான். டிப் ஸ்டிக்கை உருவிவிட்டு, அந்தத் துளை வழியாகக் குழாயை ஆயில் சேம்பரின் அடிவரை இறக்க வேண்டும். பம்பை அடித்தால் தொட்டிக்குள் இருக்கும் காற்று வெளியேறும். அந்த வெற்றிடத்தை நிரப்ப ஆயில் தானாக மேலேறி வரும். இந்த முறை புதிதல்ல. படகு இன்ஜின்களில் அடியில் போல்ட்டைக் கழற்ற இடம் இருக்காது என்பதால், இப்படி உறிஞ்சி எடுப்பது அங்கே வெகுகாலமாக உள்ள வழக்கம்.

செய்முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஐந்து முதல் பத்து நிமிடங்கள் ஓட விட வேண்டும். சூடேறினால் ஆயில் இளகும். இன்ஜினை நிறுத்திய பிறகு பத்து நிமிடங்கள் காத்திருந்தால், மேலே உள்ள ஆயில் சேம்பருக்கு இறங்கிவிடும். இன்ஜின் கொதிக்கிற சூட்டில் இருக்கும்போது குழாயை விடக் கூடாது. மலிவான பிளாஸ்டிக் குழாய் இளகி, முனை ஒடிந்து உள்ளேயே விழுந்துவிடலாம். குழாயை வெளியே எடுத்ததும் முனை முழுதாக இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

உறிஞ்சும்போது ‘கொர் கொர்’ என்று காற்றுச் சத்தம் வந்தால், குழாயைக் கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்தி மீண்டும் முயல வேண்டும். வெளியே வந்த ஆயிலின் அளவைத் தொட்டியில் உள்ள கோடுகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த அளவுதான் முக்கியம். அரை லிட்டர் பழைய ஆயில் உள்ளே தங்கியிருக்க, கையேட்டில் உள்ள முழு அளவையும் ஊற்றினால் ஆயில் அதிகமாகிவிடும். அதிகமான ஆயிலைக் கிராங்க் ஷாஃப்ட் கடைந்து நுரைக்க வைக்கும்; சீல்களில் கசிவும் வரும். எனவே, முதலில் முக்கால் பங்கு ஊற்றி, இன்ஜினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தி, டிப் ஸ்டிக்கில் பார்த்துப் பார்த்து மீதியைச் சேர்ப்பதே பாதுகாப்பானது.

வாங்கும் முன் ஒரு சோதனை

எல்லா கார்களிலும் குழாய் சேம்பரின் அடியைத் தொடாது. சிலவற்றில் டிப் ஸ்டிக் போகும் வழி வளைந்திருக்கும். சிலவற்றில் சேம்பரின் பள்ளம் வேறு பக்கம் இருக்கும். யாரிடமாவது கருவியை இரவல் வாங்கி ஒருமுறை உறிஞ்சி எடுத்த பின், மெக்கானிக்கை வைத்து அடிப்பக்கத்து டிரெயின் போல்ட்டைக் கழற்றிப் பார்க்கலாம். சில சொட்டுகளோ, சிறு கரண்டி அளவோ வந்தால் அந்த காருக்குக் கருவி பொருந்தும். ஒரு டம்ளர் நிறைய வந்தால் பொருந்தாது.

ஆயில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேலிருந்தே கழற்ற முடிந்தால்தான் இந்தக் கருவியால் முழுப் பலன். ஃபில்டர் அடியில் இருந்தால் எப்படியும் கீழே போகத்தான் வேண்டும். அப்போது வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. உறுதியான ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும்.

பல கார்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும். அதற்காக ஒரு குடும்பம் தனியாகக் கருவி வாங்குவதைவிட, தெருவில் நான்கைந்து குடும்பங்களோ, உழவர் குழுவோ சேர்ந்து வாங்குவது லாபம். வாரன்டி முடியாத வண்டியை சர்வீஸ் நிலையத்திலேயே விடுவது நல்லது.

டிராக்டருக்கு ஏன் வேண்டாம்?

டிராக்டர் உயரமானது. டிரெயின் போல்ட் கைக்கு எட்டும். புழுதியிலும் சேற்றிலும் மணிக்கணக்கில் உழைக்கும் இன்ஜினின் அடியில் கசடும் உலோகத் துகளும் சேரும். போல்ட்டைத் திறந்தால் அவை ஆயிலோடு சேர்ந்து கீழே வந்துவிடும். மெல்லிய குழாயால் உறிஞ்சினால் உள்ளேயே தங்கிவிடும். வெளியே வரும் ஆயிலில் பளபளக்கும் துகள்கள் அதிகம் தெரிந்தால், பேரிங் தேய்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும் முடியும். கிணற்று மேட்டு டீசல் இன்ஜினுக்கும் இதே காரணம்தான்.

பழைய ஆயில் எங்கே போக வேண்டும்?

கேள்வியின் கடைசிப் பகுதிதான் மிக முக்கியமானது. வேலிக் கம்புக்குக் கரையான் வராமல் பூசுவது, மாட்டுக் கொட்டகைக் கால்களுக்குத் தடவுவது, கொசுவுக்காகச் சாக்கடையில் ஊற்றுவது எல்லாம் கிராமங்களில் வெகுகாலமாக இருக்கும் பழக்கங்கள். ஆனால், ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகத் துகள்களும், எரிபொருள் எரிந்து உண்டாகும் நச்சுப் பொருள்களும் கலந்திருக்கின்றன. அடிக்கடி தோலில் பட்டால் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. கொட்டகைத் தூணை மாடு நக்கும், கன்று உரசும். கம்புக்குக் கரையான் தொல்லை இருந்தால், மண்ணுக்குள் போகும் அடிப்பகுதியைத் தீயில் கருக்கி நடுவது நம் பழைய வழி. கல்தூணோ, சிமென்ட் தூணோ நட்டால் அந்தக் கவலையும் இல்லை.

தண்ணீருக்கு வரும் கேடு இன்னும் பெரிது. ஒரு முறை மாற்றும்போது வரும் பழைய ஆயில், 10 லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கும் என்று அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. நம் கணக்கில் அது ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர். 20 அடி விட்டமுள்ள கிணற்றில் 15 அடி தண்ணீர் நின்றால், அதில் இருப்பது சுமார் 1.33 லட்சம் லிட்டர். அப்படிப்பட்ட 28 கிணறுகளுக்கு ஒரு காரின் ஆயில் போதும்.

பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. பூந்தமல்லி, ஆவடி பக்கத்துச் சாக்கடைகளில் விழுவது கூவத்தில் போய்ச் சேருகிறது. அம்பத்தூர் பக்கம் கொரட்டூர் ஏரியில் தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் கலந்த பிரச்னை பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி தொழிற்பகுதி எண்ணெய் வெள்ளத்தில் மிதந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போனதையும், மீனவர்களின் படகு, வலையெல்லாம் கறுத்ததையும் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது பெரிய அளவு. வீட்டில் சிந்துவது சிறிய அளவு. ஆனால், மழைநீரில் மிதந்து போகும் விதம் ஒன்றுதான்.

சட்டமும் இதைச் சாதாரணக் குப்பையாகப் பார்ப்பதில்லை. அபாயகரமான கழிவுகளுக்கான 2016-ம் ஆண்டு விதிகளின் பட்டியலில் பழைய ஆயிலும் இருக்கிறது. 2023-ல் வந்த திருத்தத்தின்படி, 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிப்பவர்களுக்கும் இறக்குமதி செய்பவர்களுக்கும் அதை மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு வந்திருக்கிறது. சுத்திகரித்தால் பழைய ஆயில் மீண்டும் ஆயிலாகும் என்பதே காரணம்.

எனவே, புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, இறுக மூடி, ‘பழைய ஆயில்’ என்று எழுதி வைக்க வேண்டும். பால் கேன், குடிநீர் பாட்டில் வேண்டவே வேண்டாம். தண்ணீர், பெட்ரோல், தின்னர், பூச்சிக்கொல்லி எதையும் அதில் கலக்கக் கூடாது. கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். பழைய ஃபில்டரை ஒரு இரவு கவிழ்த்து வைத்து, வடிந்ததையும் அதில் சேர்க்கலாம். பிறகு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு ஆயிலை அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படைக்கலாம். கருவிக்குப் பணம் கொடுக்கும் முன்பே, பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் அந்த இடத்தை விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. அப்படி ஒரு இடம் அருகில் கிடைக்கவில்லை என்றால், ஆயில் மாற்றும் வேலையையே சர்வீஸ் நிலையத்திடம் விட்டுவிடலாம்.